பதினேழாம் வீட்டின் செல்லப் பெயர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன். இது இரண்டு சீட்டுகளாக என் மேசைக்கு வந்தது. உள்ளங்கை அகலச் சீட்டுகள், தட்டச்சு எழுத்து, மேல் மூலையில் வீட்டு எண் பதினேழு. இரண்டாவது சீட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ஒரு சொல் திரும்பி நின்று என்னைக் கன்னத்தில் அறையும் என்று எதிர்பார்க்கவில்லை.

அலுவலக வேலைக்கு நடுவே நாலைந்து கதை எழுதி அச்சில் பார்த்திருக்கிறேன். அதனால் எது நடந்தாலும் அதைக் கதையாக்கிப் பார்க்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தைரியம் இருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், கல் சுவர் இடுக்கில், ஒரு சின்னஞ்சிறு விலங்கு…"

(விட்டுவிட்டேன். குழந்தைக் கதை மாதிரி இருக்கிறது. இதில் ஒரு குழந்தை வரத்தான் போகிறாள். ஆனால் இது அவளுக்குச் சொல்லக்கூடிய கதை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அகராதி அலுவலகத்தில் விலங்குப் பெயர்ப் பகுதிக்கு ஒரு தலைவர் இருந்தார். கண்டிப்பானவர், ஆனால் உள்ளுக்குள்…"

இந்த "ஆனால் உள்ளுக்குள்" வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெளியே முள், உள்ளே சுளை என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோர் மீதும் எனக்கு இப்போது சந்தேகம். முள் குத்தினவர்களைக் கேட்டால்தானே தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: நான்தான் அந்தத் தலைவர்.

இது நிற்கட்டும்.

3

அந்த விலங்கைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம்தான்.

கீரிக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் தடிமன் பொந்தில் கூட நுழைந்துவிடும். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. ஒரு கோழி போதும் என்று நிறுத்தாமல் கூட்டையே காலி செய்துவிட்டுப் போகும். நமக்கு இதற்கென்று ஒரு நிலையான பெயர் இல்லை. நம் கோழிகளை அது தின்றதில்லை, அவ்வளவுதான் காரணம். லத்தீன்காரர்கள் இதை மூஸ்தேலா என்றார்கள். லத்தீன் உடைந்து பல மொழிகளாகப் பிரிந்தபோது, பசுவும் குதிரையும் மீனும் தங்கள் பழைய பெயரை ஏதோ ஒரு வடிவத்தில் கூடவே எடுத்துக்கொண்டு போயின. மூஸ்தேலா மட்டும் சில மூலைகளில் ஒதுங்கிக்கொண்டது. மற்ற இடங்களில் எல்லாம் புதுப் பெயர்.

என்ன பெயர் தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் பெலெத் என்றார்கள், குட்டி அழகி. இத்தாலியில் தொன்னொலா, சின்னச் சீமாட்டி. போர்ச்சுகலிலும் கிட்டத்தட்ட அதே சீமாட்டிதான். ருமேனியாவில் நெவஸ்த்துயிக்கா, சின்ன மணப்பெண். ஸ்பெயினில் கொமத்ரெஹா. இது இன்னும் வேடிக்கை. பெற்ற தாயும் பிள்ளையின் ஞானத்தாயும் ஒருவரை ஒருவர் அழைக்கும் உறவுச் சொல்லிலிருந்து வந்தது. உறவு கொண்டாடிவிட்டார்கள் பாருங்கள். ஸ்பெயினின் வடக்கு மலைப்பக்கத்தில் பனிக்கேசா, அதாவது ரொட்டியும் பாலாடைக் கட்டியும். நிறத்தைப் பார்த்து வைத்தது என்பார் சிலர். கோழியை விட்டுவிடு, இதைத் தின்னு என்று வைத்த படையல் அது என்பார் சிலர்.

ஐந்து மொழிக்காரர்களும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் இந்தக் கோழி திருடிக்குச் செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். அறிஞர்கள் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான். பயம். உண்மைப் பெயரைச் சொன்னால் அது காதில் வாங்கிக்கொண்டு பழி தீர்க்க வரும். இனிப்பாகக் கூப்பிட்டால் இறங்கி வரும்.

நமக்குப் புரியாத விஷயமா இது? கொத்தினால் ஆள் காலி, அதற்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாம். உடம்பெல்லாம் கொப்புளமாகப் போட்டு ஆளை வாரிக்கொண்டு போன நோயை அம்மை என்றோம்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குக் கதை எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. இந்தப் பதிவை நான் எழுதினேன், என் கையால், சிவப்பு மையால் திருத்தினேன், எனக்குத் தெரியவில்லை.

4

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒரு சொல்லின் பதிவை மூடுவதற்கு முன், அங்கே வேலை செய்யும் எல்லோரும் ஒரு வெற்றுச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். "இதுபோல் உங்கள் வீட்டில், உங்கள் மொழியில் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்கு வீட்டில் யாராவது ஒருவர் பதில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் திருப்பித் தர வேண்டும். இதற்கு வீட்டுச் சீட்டு என்று பெயர். செத்த மொழிச் சான்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு உயிருள்ள சான்று. வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்.

சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும். எந்த எண் எந்த வீடு என்று சீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். (சீட்டுகளை அடுக்கிக் காக்கும் பெண்மணி. இருபத்தாறு வருஷமாகச் சீட்டுகளுக்கு நடுவே இருந்ததில் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.) கையெழுத்தைப் பார்த்து நான் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, எல்லாவற்றையும் தட்டச்சு செய்த பிறகே எனக்கு அனுப்ப வேண்டும். இந்த விதியையும் நான்தான் போட்டேன். எல்லோரும் பயப்படாமல் எழுத வேண்டும் என்பதற்காக.

யாருக்குப் பயப்படாமல் என்று அப்போது யோசித்திருக்கலாம்.

இந்த முறை கேள்வி இது: "உங்கள் வீட்டில் அஞ்சத்தக்க ஒன்றை இனிய பெயரால் அழைப்பதுண்டா? எதை, யார், எப்போதிலிருந்து?" நானும் உறையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். மகளும் வந்திருந்தாள், அவளுடைய மூன்று வயதுக் குட்டியோடு.

அவர்கள் வந்த காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகளும் மருமகனும் பாலம் கட்டுகிறவர்கள். அடுத்த பத்து மாதம் ஒரு ஆற்றங்கரையில் தகரக் கொட்டகைக் குடியிருப்பு. குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. ஒன்று எங்கள் வீடு, இல்லை மருமகனின் அக்கா வீடு. மகள் மூன்று வாரம் தங்கி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மேசை மூலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுங்கடித்தேன். என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து பொம்மைகளுக்கு ஒதுக்கினேன். அந்தத் தட்டு இருபது வருஷமாக யாருக்கும் ஒதுக்காத தட்டு. குட்டி வந்து தங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அளவுக்கு வாழ்க்கையில் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

5

வந்த சீட்டுகளில் பெரும்பாலானவை சப்பென்று இருந்தன. தெருநாயை ராஜா என்று கூப்பிடுகிறார்களாம். பதினேழு மட்டும் வேறு.

"எங்கள் வீட்டில் அப்பாவை. ஒரு கொஞ்சல் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அன்பால் வந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். பயத்தால் வந்தது. அதைச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை."

துள்ளிக் குதித்தேன். ஐந்து மொழியில் செத்துப்போன பயம் ஒரு வீட்டில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "அருமையான சான்று. ஆனால் பெயர் இல்லாமல் பயனில்லை. இந்த வீட்டை மேலும் விசாரிக்க." கூடவே நான்கு கேள்விகள். என்ன பெயர்? முதன்முதலில் எப்போது, யார் சொன்னது? வேறு எச்சரிக்கை முறைகள் உண்டா? அந்த நபருக்கு இது தெரியுமா? இப்படி எழுதினால் சீட்டம்மா கேள்விகளை அந்த வீட்டுக்கே தபாலில் அனுப்பிவிடுவார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் சீட்டை வாசித்தேன். வாசித்ததோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"பாவம் இந்த மனுஷன், வீட்டுக்குள்ள ஒரு நல்ல பாம்பா வாழ்ந்துட்டிருக்கான், அது அவனுக்கே தெரியல பாருங்க" என்றேன். சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சீட்டம்மா மட்டும் குனிந்து ரப்பர் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே சீட்டை அன்று வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எவனோ ஒருத்தன், எந்த வீடோ, என்று. மனைவி குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். மகள் குட்டியின் வாயைத் துடைத்தாள். ரொம்பத் துடைத்தாள் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

6

இங்கே நிறுத்தி, இந்தக் கதாபாத்திரத்தை நம்பலாமா என்று ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். ஒரு மனிதனுக்கு முப்பது வருஷமாகத் தன் வீட்டில் நடப்பது தெரியாமல் இருக்குமா? கதாசிரியனாக எனக்கே இது ஒட்டவில்லை. வேறு யாராவது எழுதிக்கொண்டுவந்து காட்டியிருந்தால், "ஆள் மேல நம்பிக்கை வரல, மாத்தி எழுதுங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த ஆளின் தரப்பில் வாதாடிப் பார்க்கிறேன். அவர் குடிப்பதில்லை. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பார். சத்தம் போடுவது கூட அபூர்வம். கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். மூன்று நாள், சில சமயம் பதினொரு நாள். நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை.

(இந்தக் கடைசி வரியின் மேல் கைப்பிரதியில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. நான் போட்டதல்ல. விவரம் பின்னால் வரும்.)

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முதுகைப் பார்க்கிறவர்கள் வீட்டிலேயே இருந்தார்களே, ஒரு நாளாவது கேட்டேனா என்றால்…

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

7

இரண்டாவது சீட்டு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது மேசையில் இருந்தது. முழுதாகத் தருகிறேன்.

"ஒன்று. பட்டுப்பா.

இரண்டு. எனக்கு ஒன்பது வயதில். அப்பாவின் சீட்டுப் பெட்டி மேல் மையைக் கொட்டிவிட்டேன். நானூறு சீட்டையும் திரும்ப எழுதும் வரை எழுந்திருக்கக் கூடாது என்றார். விடுமுறை நாள். காலையில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில், பட்டுப்பா, சாப்பிட்டுட்டு வந்து எழுதவா என்று கேட்டேன்.

மூன்று. வாசல் கதவின் கொக்கியில் வெளிப்பக்கமாகக் குடை தொங்கினால் அப்பா சரியில்லை என்று அர்த்தம். நான் பள்ளிவிட்டு வரும்போது பார்த்துக்கொள்வேன்.

நான்கு. தெரியாது."

நான் அதை எந்த முகத்தோடு படித்தேன் என்று எனக்குத் தெரியாது. பட்டுப்பா. அது என் பெயர். உலகத்தில் நான் மிகவும் விரும்பும் சொல் எது என்று கேட்டிருந்தால், ஐந்து மொழியையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த நானூறு சீட்டுக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், தெரியுமா? சிரிக்கச் சிரிக்க. "அவ்வளவு எழுதிட்டு, கடைசில வந்து பட்டுப்பான்னா பாருங்க, அப்படியே உருகிட்டேன்" என்று. மகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவளும் சிரித்திருக்கிறாள்.

குடை விஷயம் இன்னொன்று. கொளுத்தும் வெயிலில் குடையை வெளியே மாட்டுகிறாளே என்று மனைவியை நான் எத்தனை வருஷம் கேலி செய்திருப்பேன். மறதிக்காரி என்று.

சீட்டம்மாவைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னேன். அவர் சாத்தவில்லை, பாதி திறந்தே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

"பதினேழு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"சார், நான் எதுவும் சொல்லல சார்."

"நீங்க சொல்லலம்மா. இங்க, ஆபீஸ்ல, எனக்கு ஏதாவது பேர் இருக்கா?"

"வேண்டாம் சார்."

"கோபப்பட மாட்டேன்."

அவர் கதவின் பிடியைப் பார்த்தார். "தென்றல்னு சார்."

தென்றல். காலையில் நான் உள்ளே நுழையும்போது "தென்றல் வந்தாச்சா" என்று யாரோ கேட்டதும், காற்று வேண்டுமாக்கும் என்று நானே போய் ஜன்னலைத் திறந்துவிட்டதும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை திறந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து சீட்டம்மாவும் உடனே சிரித்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. அவருடையதும் அதே நொடியில் நின்றது.

8

வீட்டுக்குப் போனேன். சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கதவில் குடை தொங்கவில்லை. நான் உள்ளே இல்லாதபோது எதற்குத் தொங்கும்.

சமையலறையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு பேருடைய கையும் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர்கள் அதற்குத் தயாராகிவிட்டார்கள். மனைவி கத்தியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தாள். மகள் எழுந்து போய், குட்டி விளையாடிக்கொண்டிருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். எவ்வளவு பழகிய கைகள்.

"என்னங்க, முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"நீயும் இப்படித்தான் நெனச்சுட்டிருந்தியா?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு அழுதுட்டே எழுதிட்டிருந்தா. விரல் எல்லாம் மை. பட்டுப்பான்னு சொல்லிப் பாரு, விட்டுடுவாருன்னேன். சொன்னா. நீங்களும் விட்டுட்டீங்க."

"அதனால?"

"அதனால அதையே வச்சுக்கிட்டோம்."

நான் மகளைப் பார்த்தேன். "எனக்கு எழுதிப் போடணும்னு எப்படிம்மா தைரியம் வந்துச்சு?"

"நீங்க அன்னிக்குச் சாப்பிடறப்ப சிரிச்சீங்கல்ல, எவனோ ஒருத்தன்னு. அப்பதான் உங்களுக்கு நிஜமாவே தெரியாதுன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க நெனச்சுட்டிருந்தோம்."

தெரியும் என்று நினைத்திருந்தார்களாம். தெரிந்தே, அந்தப் பெயரைச் சுகமாக வாங்கிக்கொண்டு, தெரிந்தே முப்பது வருஷம் அந்த வீட்டில் நடமாடும் ஒரு ஆள். அவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். பதிவுக்குச் சான்று தேடிப்போனேன், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"முதல் சீட்டை ஏன் எழுதினே, அதைச் சொல்லு" என்றேன்.

அவள் மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தாள். "குட்டி உங்க ரூம் வாசல்ல வந்து நிக்கறா, பாத்திருக்கீங்களா? உள்ள வர்றதுக்கு முன்னாடி நின்னு, பட்டுத் தாத்தான்னு ஒரு தடவை சொல்லுவா. நீங்க 'ம்'னு சொன்னாதான் காலை உள்ள வைப்பா. நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. வந்த நாலாவது நாளே அவளா கத்துக்கிட்டா."

பார்த்திருக்கிறேன். பார்த்து, எவ்வளவு மரியாதை தெரிந்த குழந்தை என்று பூரித்துப்போயிருக்கிறேன்.

9

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அந்தத் தலைவர் மன்னிப்புக் கேட்கிறார். மூவரும் அழுகிறார்கள். கதவு திறக்கிறது, குட்டி ஓடிவந்து பெயர் எதுவும் சொல்லாமல் மடியில் ஏறிக்கொள்கிறாள். இதை எழுத ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே கிழித்துப் போட்டேன். மன்னிப்பு நான் கேட்டது உண்மை. "பரவால்லங்க" என்று மனைவி சொன்னதும் உண்மை. அவள் எந்தக் குரலில் சொன்னாள் தெரியுமா? குழம்புக்கு உப்புக் குறைவு என்று நான் சொல்லும்போது சொல்கிற அதே குரல்.

இரண்டாம் முடிவில் அவர் சீட்டுகளைக் கிழித்து, அந்தக் குடையை முறித்து, பதினொரு நாள் யாரோடும் பேசாமல் இருந்து, மகளைக் குழந்தையோடு ரயிலேற்றிவிடுகிறார். இது நடக்கவில்லை. ஆனால் இதை எழுதும்போதுதான் என் கை தங்குதடையின்றி ஓடியது. ஒவ்வொரு சொல்லும் எங்கேயோ தயாராகக் காத்திருந்த மாதிரி வந்து விழுந்தது. படித்துப் பார்த்தபோது மூன்றிலும் இதுதான் நன்றாக இருந்தது.

மூன்றாவது வேடிக்கையாக முடிய வேண்டியது. அதை நிஜத்திலேயே செய்து பார்த்தேன். "இனிமே பட்டும் வேண்டாம், தங்கமும் வேண்டாம். கழுதைன்னே கூப்பிடு" என்றேன் மனைவியிடம்.

"சரிங்க" என்றாள் உடனே.

அவ்வளவுதான். அந்த முடிவும் கெட்டது.

(ஒரு அலுவலகக் குறிப்பு. பெயரை மாற்றினால் விலங்கு மாறுமா என்பது எங்கள் துறையில் யாரும் கேட்காத கேள்வி. எங்களுக்குப் பெயர் மட்டும்தான் கணக்கு. கோழிகளின் கட்சியைக் கேட்டு எழுதிய அகராதி ஒன்றுகூட இல்லை.)

10

கடைசியில், முதல் பத்தியிலிருந்து போன பகுதி வரை எழுதியதை அப்படியே மகளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் முன்பு. கூடவே ஒரு பென்சில். "தப்பா இருக்கறதை அடிச்சுடும்மா" என்றேன். அவள் இதுவரை நான் எழுதிய எதையும் திருத்தியதில்லை. கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்பாள். இந்த முறையும் அதைத்தான் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எனக்கு வந்த பயத்தைப் பாருங்கள்.

நேற்றுக் காலை கைப்பிரதி என் மேசையில் இருந்தது. மொத்தத்தில் ஒரே ஒரு வரியை அடித்திருந்தாள். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும், ஆறாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. கோடு அழுத்தமாக இல்லை. தாளை ஒட்டியும் ஒட்டாமலும் போன கோடு. ஓரத்தில் சின்ன எழுத்து: "ஒரு தடவை. அம்மாவை. எனக்கு ஆறு வயசு."

எனக்கு ஞாபகம் இல்லை.

பொய் சொல்லவில்லை. நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த அறை, எந்த நாள், எதற்காக, ஒன்றும் கிடைக்கவில்லை. மூஸ்தேலா எந்த நூற்றாண்டில் எந்த மலைச்சரிவில் மறைந்தது என்று என்னால் சொல்ல முடியும். மனைவியிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள், துணி எடுக்க. கொடியில் துணியே இல்லை. அடித்தவன் நான், எனக்கு அது இல்லவே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அதை இத்தனை வருஷம் என் முன்னாலேயே சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தது.

அந்தக் கோட்டை ஏன் அழிக்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன் என்றால், என் மகள் என்னைத் திருத்தியது அது ஒன்றுதான்.

கைப்பிரதியின் கடைசித் தாளின் பின்பக்கம் இன்னும் நாலு வரி எழுதியிருந்தாள்.

"அப்பா, முடிவை என்னைக் கேக்காதீங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். என் இடத்துல நீங்க இருந்து, இதையெல்லாம் படிச்சிருந்தா, குட்டியை இந்த வீட்டுல பத்து மாசம் விடுவீங்களா? நீங்க விடுன்னா விடறேன். வேண்டாம்னா அவங்க அத்தை வீட்டுல விடறேன். ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

இன்று வெள்ளிக்கிழமை. அடுத்த அறையில் குட்டி பொம்மைகளைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்கிறது. விடு என்று எழுதினால் நாளை மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் என் வீட்டில் இருக்கும். அவள் என்னை நம்பவில்லை, என் பதிலைத்தான் நம்புகிறாள். எதை எழுதினாலும் அதன்படி செய்துவிடுவாள்.

ஒரு வெற்று வீட்டுச் சீட்டை எடுத்து ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டேன். என் கையெழுத்தில்தான், தட்டச்சு இல்லை. உறையில் போட்டு ஒட்டியாயிற்று. இதை முடித்ததும் எழுந்துபோய் மகளின் கையில் கொடுப்பேன்.

அது என்ன சொல் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. விடு என்று எழுதியிருந்தால், மனுஷன் மாறிவிட்டான் என்பீர்கள். வேண்டாம் என்று எழுதியிருந்தால், எவ்வளவு பெரிய மனசு என்பீர்கள். முப்பது வருஷம் அந்த மாதிரிப் பெயர்களைத் தின்றே வளர்ந்தவன் நான். போதும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்கு ஒரு நல்ல பெயர் வைத்து மட்டும் முடித்துவிடாதீர்கள்.